அக்கா என்று அழைத்த மைனா

ஒரு காட்டுக்கு யானை தலைவராக இருந்தது. நல்ல யானைதான், ஆனால் சோம்பேறி. மதியத் தூக்கத்தில் யாராவது குறை சொல்லி வந்தால் அதற்குப் பிடிக்காது.

"நரியாரே, இந்தத் தொல்லைக்கு ஒரு வழி பண்ணும்!" என்றது.

நரி ஒரு மைனாவைப் பிடித்து வந்தது. யானை தூங்கும் தோப்பின் வாசலில் அதை உட்கார வைத்தது. "வர்றவங்ககிட்ட இனிமே நீதான் பேசணும்!"

முதலில் மைனாவுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். "உங்கள் குறை கேட்கப்பட்டது!" குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. காட்டுப்பன்றி அதைத் திட்டிவிட்டு, நேரே உள்ளே போய் யானையை எழுப்பியது.

நரி விடவில்லை. குளத்தங்கரையில் மிருகங்கள் பேசிக்கொள்வதை மைனாவை ஒரு மாதம் கேட்க வைத்தது. எங்கே 'ஐயோ' போடுவது, எங்கே பெருமூச்சு விடுவது, எப்போது பிள்ளையின் பெயரைக் கேட்பது, எல்லாம் கற்றுக் கொடுத்தது. வந்தவர் உள்ளே போகாமல் திரும்பினால் மைனாவுக்கு ஓர் அத்திப்பழம். உள்ளே போய்விட்டால் அன்றைக்குப் பட்டினி. வேறு பாடம் எதுவும் கிடையாது.

மைனா கெட்டிக்காரப் பறவை. சீக்கிரமே தேன் ஒழுகப் பேசியது. முயலைத் 'தங்கச்சி' என்றது. பன்றியை 'மச்சான்' என்றது.

"நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரியே பேசுதே!" என்று காடே மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவருக்காவது குறை தீர்ந்ததா? அதை யாரும் யோசிக்கவில்லை.

கோடையில் ஒரு நாள், ஒரு பெண்மான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"தம்பி! எம்புள்ள குளத்துச் சேத்துல மாட்டிக்கிட்டான்! யானை ஐயா தும்பிக்கைய நீட்டினா போதும்! அவரை எழுப்பணும்!"

"ஐயோ அக்கா! புள்ள பேரு என்ன?"

"புள்ளியான்."

"எவ்வளவு அழகான பேரு! எத்தனை மாசம்?"

"ரெண்டு. சேறு வயித்துக்கு வந்திருச்சு தம்பி!"

"அழாதீங்கக்கா. நீங்க இங்க நின்னா அவன் பயந்துர மாட்டானா? அவன்கிட்டப் போங்க. ஐயா வராம இருப்பாரா?"

அந்த மானிடம் வாழ்நாளில் யாரும் இவ்வளவு பரிவாகப் பேசியதில்லை. நம்பிவிட்டது, பாவம். தோப்புக்குள் நாற்பது அடி நடந்திருந்தால் யானையையே பார்த்திருக்கும். அழுகையை அடக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடியது.

"யானை மாமா வர்றாருடா கண்ணு!" என்று குட்டியிடம் சொன்னது. சேறு கழுத்துக்கு ஏறியது. அப்போதும் அதையே சொன்னது. அதற்குமேல் கேட்கக் குட்டி இல்லை.

மான் திரும்பி வந்து அலறிய அலறலில் யானை பதறி எழுந்தது. "என்னை ஏன் யாரும் எழுப்பல? காடு சுகமா இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

மான் மைனாவைப் பார்த்தது. "வருவாருன்னு சொன்னியே! அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

மைனாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அவர்கிட்டச் சொல்லணும்னு யாரும் கத்துக் குடுக்கலையே அக்கா! அழுதுக்கிட்டு வந்தீங்க. அழாமப் போனீங்க. நான் சரியாத்தானே பேசினேன்?"

யானை தலையைக் குனிந்துகொண்டது. நரி எப்போதோ நழுவியிருந்தது.

பிறர் துயரைக் கேட்கச் சலித்து, ஆறுதல் சொல்ல மட்டும் ஒரு வாயைப் பழக்கி வாசலில் வைப்பவரே அந்தத் துயருக்குக் காரணம்.