தொட்டுக் கேட்ட காடை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தொட்டாற்சிணுங்கி இடுப்புயரத்துக்கு நிமிர்ந்து நின்ற செடி. இலையை மூடவே தெரியாது. "நான் எல்லாருக்கும் பொதுவானவன்" என்று சொல்லிக்கொள்வதில் அதற்கு அத்தனை பெருமை.

அதன் நிழலில் ஒரு காடை மூன்று முட்டை இட்டிருந்தது. பக்கத்துப் பொந்தில் ஓர் உடும்பு. உடும்பு தோண்டிப்போட்ட மண்ணில் செடியின் வேர் சுகமாக ஓடியது. வேரைக் கடிக்கும் புழுக்களைக் காடை பொறுக்கித் தின்றது. இருவராலும் செடிக்கு நல்லதுதான்.

ஒரு நாள் காடை இரை தேடப் போன நேரம், உடும்பு ஒரு முட்டையை விழுங்கிவிட்டது. செடி பார்த்துக்கொண்டே நின்றது.

காடை அழுதுகொண்டே பஞ்சாயத்தைக் கூட்டியது. எருமைதான் நாட்டாமை. சாட்சியைத் தொட்டுக் கேட்பது அந்நாள் வழக்கம். தொட்டுக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. காடை சிறகால் செடியைத் தொட்டது.

"அண்ணே, தொட்டுக் கேக்குறேன். முட்டையை எடுத்தது யாரு? இன்னும் ரெண்டு இருக்கு. நீங்க சொன்னா இந்த உடும்பை இங்கேருந்து கிளப்பிருவாங்க."

செடி தொண்டையைக் கனைத்தது. "நான் யார் பக்கமும் பேச மாட்டேன்மா. ரெண்டு பேரும் எனக்கு அக்கம்பக்கம். என்னை விட்டுருங்க."

"சாட்சி இல்லாம நான் என்ன பண்ண?" என்று எருமை எழுந்து போய்விட்டது. யாருடைய பொல்லாப்பும் இல்லாமல் தப்பித்தோம் என்று செடிக்கு நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி, வேறென்ன சொல்ல?

மறுநாளும் காடைக்குப் பசித்தது. இரை தேடப் போனது. உடும்பு வந்து மிச்சம் இரண்டையும் தின்றது. போகிற போக்கில் செடியின் தண்டில் முதுகை உரசி, "தம்பி, நேத்து நீ பண்ணின உதவியை மறக்க மாட்டேன்" என்றது.

"நான் உனக்கு ஒண்ணுமே பண்ணலையே!"

"அதைத்தான்டா சொல்றேன்."

செடிக்கு உடம்பெல்லாம் கூசியது.

காடை திரும்பி வந்தது. வெறும் ஓடுகளைப் பார்த்தது. திட்டவில்லை, அழவுமில்லை. நேற்றுப்போலவே சிறகால் செடியைத் தொட்டது. ஆனால் எதுவும் கேட்கவில்லை.

அதன் முகத்தைப் பார்க்கச் செடியால் முடியவில்லை. இலைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு தரையோடு தரையாகச் சாய்ந்தது. காடை பறந்து போனது; பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்று முதல்தான் தொட்டாற்சிணுங்கி தரையில் படர்ந்து கிடக்கிறது; விளையாட்டாக யார் விரல் பட்டாலும், காடைதான் கேட்க வந்துவிட்டதென்று இலையை மூடிக்கொள்கிறது.