இன்னாசி வீட்டுக் கெளுத்தி

ஒரு கடற்கரை ஊர்ல ஒரு கெளுத்தி மீன் இருந்துச்சாம். கடல்ல இல்ல மக்கா, கண்ணாடித் தொட்டியில. வலை போடுற இன்னாசி வீட்டுல போயி, கடையில வாங்குன மீனு. ஊரே சிரிச்சுது. அவரு காதுலயே வாங்கல. மக ஜெசிந்தா ஆசைப்பட்டுட்டாள்ல? "நான் வர்ற வரைக்கும் இவனப் பட்டினி போட்டுராத, என்ன?"ன்னு சொல்லிட்டு, தங்கலுக்குப் போயிட்டாரு. தங்கல்னா, நாள்கணக்கா கடல்லயே கிடந்து மீன் பிடிக்கிறது. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அப்புறம் என்னாச்சு, கெளுத்தி வாயத் தொறக்கணுமே? மூலையில ஒண்டிக்கிட்டு மீசைய மட்டும் ஆட்டுது. ஜெசிந்தா உருண்டைத் தீனி போட்டா. அது மேலயே மிதக்குது. கெளுத்தி தரையில மேயிறது, அண்ணாந்து பாக்காதுன்னு அவ அம்மா பனிமேரி சொன்னா. அப்போ எறால நறுக்கிப் போட்டா. டுபுக் டுபுக்னு அடிக்குப் போச்சு. விடிஞ்சு பாத்தா போட்டது போட்டபடி கிடக்கு. அப்புறம் கொல்லையக் கிளறி, நெளுநெளுன்னு ஒரு மண்புழு. அதையும் அந்த மகராசன் ஏறெடுத்துப் பாக்கல.

கூடப் போன படகெல்லாம் கரைக்கு வந்துட்டு. இன்னாசி படகை மட்டும் காணல. காத்துக்கு ஒதுங்கி எங்கயாச்சும் நிக்கும்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. அப்பா வந்து மீனு எங்கட்டின்னு கேட்டா என்ன சொல்ல? அப்பா வராமலே... ம்ஹூம், அத அவ நினைக்கவே மாட்டா. சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே வச்சிருவா. ஏங்கிப்போயிட்டா பிள்ள.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கடலுக்குப் போனவுக திரும்புற வரைக்கும் வீட்டு விளக்க அணைக்கக் கூடாது. சன்னல் பக்கம் பல்பு எரிஞ்சுகிட்டே இருக்கும். அதுக்கு நேர் கீழதான் தொட்டி.

புழு போட்ட அன்னைக்குச் சாயங்காலம், கோயில் மணி அடிச்சு ஓஞ்ச நேரம், பொசுக்குன்னு கரண்டு போச்சு. பனிமேரி பதறிப்போயித் தீப்பெட்டியத் தேடுதா. அந்த இருட்டுல, தொட்டிக்குள்ள... லபக்!

"ம்?"

ஆமா, லபக். மெழுகுதிரிய ஏத்துனதும் கெளுத்தி சரேல்னு மூலைக்கு ஓடிட்டு. வாயோரம் பாதிப் புழு தொங்குது. அதுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு ஜெசிந்தாவுக்கு அப்பத்தான் விளங்குச்சு. கரண்டு வந்ததும், "லைட்ட அணைச்சிரலாமாம்மா?"ன்னு கேட்டுட்டா. பனிமேரிக்குக் கண்ணு கலங்கிட்டு.

தொட்டிய நகத்தலாம்னா, ரெண்டு பேரு தள்ளியும் அசையல. துண்டப் போத்துனா, பத்தல. சேலையப் போத்துனா, வெளிச்சம் உள்ள இறங்குது. மிச்சம் இருந்தது கொடியில கிடந்த இன்னாசியோட கைலி. நல்லா கனத்த கைலி. அவரு போனதுலருந்து பனிமேரி அதத் துவைக்கல. யாரும் பாக்காதப்ப அதுல மூஞ்சியப் புதைச்சுக்குவா. அவரு வாசம் அதுலதான் இருந்துச்சு. தொட்டியில போட்டா நனையும், வாசம் போயிரும். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். அதனால அவ கேக்கல.

பனிமேரியே எடுத்தா. கொஞ்ச நேரம் மடியில வச்சிருந்தா. அப்புறம் தொட்டிய நல்லா மூடிப் போத்திவிட்டா. "அவுக மீனுதான, அவுக துணியவே போத்திக்கிடட்டும்"ன்னா.

மேல விளக்கு எரியுது. உள்ள கும்மிருட்டு. ஜெசிந்தா காத வச்சுக் கேக்குதா. லபக். சளப். லபக். பனிமேரி ஒரு தட்டுல சோறு கொண்டாந்தா. ரெண்டு பேரும் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டாக.

"அவ அப்பா வந்தாரா?"

வந்தாரு மக்கா. காத்து தணிஞ்சதும், மேலெல்லாம் உப்புப் பூத்து வந்து நின்னாரு. வந்ததும் கொடியப் பாத்து, என் கைலி எங்கட்டின்னுதான் கேட்டாரு. மீனு போத்தியிருக்குப்பான்னா ஜெசிந்தா. பனிமேரி அவரு தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டா.

"எங்க அப்பாவும் வருவாரா?"

நம்ம வீட்டு விளக்கும் எரியுதுல்ல, அந்தா பாரு. எரியட்டும். கண்ணு கூசுனா என் முந்தானையப் போத்திக்க. ம், அப்படித்தான். கதை கரை ஏறிட்டு, நீ தூங்கு.