சேற்றுக் குழியில் ஒரு சாப்பாடு

ஜுராசிக் காலத்து ஏரிக்கரை ஒன்றில் சுள்ளான் என்ற குட்டி டைனோசர் வாழ்ந்தது. கோழி அளவுதான் உடம்பு. அந்தக் காலத்தில் யானையே கிடையாது; இருந்தாலும் சுள்ளானுக்கு யானைப்பசி!

ஒருநாள் மலை போன்ற நெட்டைக்கழுத்து டைனோசர் ஒன்று ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. அது கால் வைத்த இடமெல்லாம் ஆழமான சேற்றுக் குழி. அதில் ஒரு குழிக்குள் ஓணான் ஒன்று விழுந்து, ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

"ஆகா, சாப்பாடு தயாரா இருக்கே!" என்று சுள்ளான் உள்ளே குதித்தது. குதித்த வேகத்தில் இடுப்புவரை புதைந்தது. உதற உதற இன்னும் கீழே இறங்கியது. அப்போதும் புத்தி வரவில்லை. ஓணானைப் பார்த்து வாயைத் திறந்தது.

"அண்ணே, பொறுங்க! என்னைத் தின்னா வயிறு நிறையும். அப்புறம்?"

"தின்னாம விட்டா மட்டும் மேலே பறந்துடுவேனா?"

"உங்க தலைமேல ஏறினா எனக்குக் கரை எட்டும். போய் உதவி கூட்டிட்டு வர்றேன்."

"நீ திரும்பி வருவியாக்கும்! என்னைப் பார்த்தா முட்டாளாவா தெரியுது?"

சேறு நெஞ்சுவரை ஏறியது. சுள்ளானுக்குப் பயம் வந்துவிட்டது. வாயை இறுக மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு கழுத்தை நீட்டியது. ஓணான் அதன் மூக்கின் மேல் நடந்து, உச்சந்தலையில் ஏறி, வெளியே தாவி ஓடியது.

நேரம் போனது. ஓணானைக் காணோம். சேறு கழுத்தைத் தொட்டதும் சுள்ளான் விம்மி விம்மி அழுதது.

திடீரென்று தரை அதிர்ந்தது.

"பெரியம்மா, இதோ இந்தக் குழி ஓரத்துல பாருங்க, இளம் பெரணி!"

ஓணானின் குரல்! நெட்டைக்கழுத்து குனிந்து, நீளமான பெரணித் தண்டு ஒன்றைக் கவ்வியது. தண்டின் நுனி குழிக்குள் தொங்கியது.

"அண்ணே, கடிங்க!"

"இலைதழையையா? சீச்சீ! எங்க பரம்பரையிலேயே யாரும்..."

"உயிர் வேணுமா, பரம்பரை வேணுமா?"

சுள்ளான் கடித்தது. பெரியம்மா தலையை நிமிர்த்தியதும் சொத்தென்று கரையில் வந்து விழுந்தது. பெரியம்மாவோ எதையும் கவனிக்காமல் மென்றுகொண்டே போய்விட்டது.

"ஏன் திரும்பி வந்தே?" என்று கேட்டது சுள்ளான்.

"உங்க மூக்கு மேல நடந்தப்போ, எனக்காக மூச்சைக்கூட அடக்கிக்கிட்டீங்களே!"

சுள்ளானின் வயிறு கடமுடவென்றது. "தம்பி, சீக்கிரம் ஓடிடு! எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை!" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டான் பிடிக்கப் போனது.

ஆபத்தில் சிக்கியவர்கள் பகையை ஒதுக்கி ஒருவரை ஒருவர் நம்பினால், இருவருமே பிழைத்துக்கொள்ளலாம்.