மெர்சி தீட்டிய கறுப்பு

அடைக்கலம் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஓவியம் படிக்க வந்தார். தனக்காக அல்ல, மகள் மெர்சிக்காக.

அவருக்குக் குருவாக வாய்த்தவர் நப்பின்னை. அவரைவிட வயதில் இளையவர். பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்திவந்தார்.

"குழந்தையவே அனுப்பலாமே அண்ணே?" என்றார் நப்பின்னை.

"வாசலைத் தாண்ட மாட்டா டீச்சர். வாயும் திறக்க மாட்டா. போன மழையில ஆறு உடைச்சுக்கிட்டு வந்தப்ப அவளைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தேன். அவ அம்மா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு பின்னால வந்தா. மேடேறித் திரும்பிப் பாத்தா, ஆள் இல்ல. அன்னைக்கு நின்ன பேச்சு."

நப்பின்னை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"வீட்டுல வச்சு நானே சொல்லிக் குடுக்குறேன். முதல்ல எதுல ஆரம்பிக்கணும்?"

"கோட்டுல. அப்புறம் வடிவம். அப்புறம் நிறம். நீங்க இங்க கத்துக்கிட்டதை மட்டும் அங்க குடுங்க. அவசரம் வேண்டாம்."

அப்படியே செய்தார். படுத்த கோடு, நின்ற கோடு, வளைந்து ஓடும் கோடு. டம்ளரைக் கவிழ்த்துச் சுற்றி இழுத்தால் வட்டம். தீப்பெட்டியை வைத்து இழுத்தால் கட்டம். மெர்சி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரைந்தாள். பேசத்தான் இல்லை.

நிறம் வந்தபோது பயமும் வந்தது.

கிரையான் பெட்டியைத் திறந்து வைத்தார். மெர்சி கறுப்பை மட்டும் எடுத்தாள். தாளின் ஓரத்திலிருந்து தீட்டத் தொடங்கினாள். மேலும் கீழும் அழுத்தி அழுத்தி, இடைவெளி இல்லாமல். கறுப்பு உள்நோக்கி நகர்ந்து வந்தது. அடைக்கலத்துக்கு அன்று வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் சுவரோரமாக வந்தது.

தாளைப் பிடுங்கிக் கசக்கினார். மெர்சி அழவில்லை. வேறு தாளை எடுத்து, மறுபடி ஓரத்திலிருந்து தொடங்கினாள். அதையும் பிடுங்கினார். ஒவ்வொரு நாளும் இதே கதையாக ஆனது.

"டீச்சர், கறுப்பை அவ எப்படி மறப்பா?"

"படத்தைக் காட்டுங்க."

"கசக்கிப் போட்டுட்டேன்."

"முழுசா வரைஞ்சிருந்தாளா?"

"முழுசா வரைய விடுவேனா? பாக்கவே குலை நடுங்குது."

"அடுத்த தடவை பிடுங்காதீங்க."

"பிடுங்காம?"

"பக்கத்துல உட்காருங்க."

அவரால் முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கறுப்பு கிரையானை எடுத்து ஓட்டுக்கு மேலே வீசினார். அடுப்புக் கரி, பேனா, கண்மை டப்பா என்று கறுப்பாக இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. மெர்சி சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் மழை பிடித்தது. குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நப்பின்னை, குடையோடு வந்தபோது அடைக்கலம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"கொல்லைப் பக்கம் பழைய மோட்டார்ல காயிலை உருவிக்கிட்டு இருந்தேன் டீச்சர். வந்து பாத்தா காணோம். கதவு திறந்து கிடக்கு. வெளியவே போகாத புள்ள!"

மழையில் இரண்டு பேரும் ஓடினார்கள். கடையில் இல்லை. கோயில் வாசலில் இல்லை. தெரு முடிந்து வாய்க்கால் கரை வந்தது. தண்ணீர் கரையளவு போய்க்கொண்டிருந்தது.

சரிவின் அடியில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, மெர்சி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கொட்டாங்குச்சி. கரையில் ஒதுங்கிய கறுப்புச் சேற்றை விரலால் வழித்து அதில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கால் வைத்திருந்த மண் கரைந்து கரைந்து விழுந்தது.

அடைக்கலம் வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் நப்பின்னை அவர் வாயைப் பொத்தினார்.

"கத்தினா திரும்புவா. திரும்பினா சறுக்கும்."

"பின்ன என்ன பண்ண?" என்றார் விரல்களுக்கிடையில்.

"போய்ப் பக்கத்துல உட்காருங்க."

சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினார். தண்ணீரைப் பார்க்கவில்லை. குழந்தையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இழுக்கவில்லை. கையை நீட்டிக் கொஞ்சம் சேற்றை வழித்து அந்தக் கொட்டாங்குச்சியில் போட்டார்.

மெர்சி அவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் என்பதுபோல் கொட்டாங்குச்சியை நீட்டினாள். போட்டார். அது நிறைந்ததும், தானாகவே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நப்பின்னை மேலிருந்து துப்பட்டாவை இறக்கினார். அதைப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு மேலே ஏறினார் அடைக்கலம்.

வீட்டுக்கு வந்ததும் மெர்சி தலையைத் துவட்டக்கூட விடவில்லை. தாளை விரித்தாள். விரலில் சேற்றைத் தொட்டு ஓரத்திலிருந்து தொடங்கினாள். அடைக்கலம் தன் கை இரண்டையும் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நப்பின்னை நிலைப்படியில் நின்றார். வெளியே மழை விடவில்லை.

கறுப்பு நாலு பக்கமும் ஏறி வந்தது. நடுவை நெருங்கியதும் விரல் மெதுவானது. எதையோ சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நின்றது. மெர்சி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

நடுவில் ஓர் இடம் மட்டும் சேறு படாமல் வெள்ளையாக இருந்தது. கோணல்மாணலாக ஓர் ஆள். அந்த ஆளின் தோளில் இன்னொரு சின்ன ஆள்.

அடைக்கலம் தாளின் மேல் குனிந்தார். "இது யாரும்மா?" என்றார்.

மெர்சி சேறு முழுதும் போகாத விரலால் அவர் மார்பைத் தொட்டாள்.

அடைக்கலம் நப்பின்னையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை எங்க வரைஞ்சிருக்கா டீச்சர்? அந்த இடத்துல ஒரு கோடுகூட இல்லையே. வெறும் தாள்தானே?"

"வரையல அண்ணே," என்றார் நப்பின்னை. "அந்த இடத்துக்குத் தண்ணி வந்துராம இத்தனை நாளும் பாத்துக்கிட்டு இருந்திருக்கா."