பால் காய்ச்சிப் பூட்டிய வீடு

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் கனகலதா தன் தகப்பனாரோடு வாடகைக்கு இருந்தாள். பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு கால் விளங்காமல் போனது. இனி அந்தப் படிகள் ஆகாது. ஒப்பந்தம் முடியவோ பாதிக் காலத்துக்கு மேல் இருந்தது. பயந்துகொண்டேதான் வீட்டுக்காரர் குலசேகரன் அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

"போகாதேன்னா சொல்லுதேன் தாயி? உனக்குப் பதிலா ஒரு ஆளைக் குடி வச்சிட்டுப் போ. அவுக வார வரைக்கும் வாடகை உன் பொறுப்பு. வந்ததும் அட்வான்ஸை முழுசாத் தாரேன்" என்றார்.

அலைந்து திரிந்து, மரக்கடை வைத்திருக்கும் திரவியத்தைக் கூட்டி வந்தாள். அவருக்கு வீடு பிடித்தது, அண்ணாச்சிக்கு அவரைப் பிடித்தது. ஆனால் ஆனி முடியப் போகிறது. ஆடியில் யார் குடி போவார்கள்? "இப்பவே பால் காய்ச்சிடுதோம், ஆவணியில சாமான் ஏத்திக்கிடுதோம்" என்றார் திரவியம். கனகலதா காலி செய்து சாவியைக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை வாங்கித் திரவியத்திடம் கொடுத்தார். திரவியம் குடும்பம் நல்ல நேரத்தில் பால் காய்ச்சி, சாமி படம் வைத்து, தங்கள் பூட்டைப் போட்டுவிட்டுப் போனது.

அப்பா சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். சித்தப்பாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. பெருமாள்புரத்தில் ஒரு தரைத்தள வீடு அமைந்திருந்தது. ஆடி பிறக்கிற அன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கால் விளங்காதவருக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?

ஆடி முதல் நாள் காலையிலேயே அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். திரவியமும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஆடி வாடகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவேன் தாயி. அவுக இன்னும் குடி வரலையே" என்றார் அண்ணாச்சி.

"பால் காய்ச்சினாங்களே அண்ணாச்சி!"

"அது சாஸ்திரத்துக்கு, தங்கச்சி" என்றார் திரவியம். "ஒரு ராத்திரிகூடப் படுக்காத வீட்டுக்கு நான் எதுக்கு வாடகை தரணும்?"

பிடித்தது போக மிஞ்சுவது பெருமாள்புரத்துக்குப் பற்றாது. சட்டென்று கேட்டாள்: "வாடகை என்னுதுன்னா ஆடி மாசமும் என்னுதுதானே? ஆள் வச்சு அப்பாவைத் தூக்கிட்டு வாரேன். கதவைத் திறங்க."

திரவியம் துள்ளி எழுந்தார். "நல்லாருக்கே! நாங்க பால் காய்ச்சின வீட்டுல இன்னொருத்தர் வந்து படுக்கதாவது! என் பூட்டைத் தொடப்படாது."

"அவுக சொல்லுததும் நியாயம்தானே" என்றார் அண்ணாச்சி.

கேட்பவர்களே, ஆடி மாதம் யாருடையது? இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: கனகலதா சொன்னதே சரி; ஆடி மாதம் திரவியத்துடையது. குடியிருப்பது என்பது படுத்து எழுவது மட்டுமல்ல. வேண்டியபோது உள்ளே போவதும், வேண்டாதவரை வெளியே நிறுத்துவதும் யார் கையில் இருக்கிறதோ, வீடு அவர் வசம். அவளிடம் வாங்கிய சாவியை அண்ணாச்சி இன்னொருவரிடம் கொடுத்தபோதே அவள் பொறுப்பு தீர்ந்தது. அவளை உள்ளே விடமாட்டேன் என்று சொன்ன வாயாலேயே திரவியம் ஆடி வாடகையையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அண்ணாச்சி அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் திரவியம் இருக்கப் போகிறவர், கனகலதா போகிறவள். போகிறவளிடம் கேட்பது அண்ணாச்சிக்குச் சுலபமாக இருந்தது. அவளோ அன்று அண்ணாச்சி வீட்டு நாற்காலியை விட்டு எழவே இல்லை. வெயில் சாயும் முன் அண்ணாச்சி பீரோவைத் திறந்து அட்வான்ஸை முழுசாக எண்ணி வைத்தார்.