சட்டைப் பையில் எடுத்த வீடியோ

“என் மனைவியின் முகத்தை எனக்கு இல்லாமல் செய்தவன் வீரணன், சாமி. அவளுடைய கூடப்பிறந்த தம்பி.”

சாமி சுனையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

“நாளை மறுநாள் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போகலாமா, வேண்டாமா? அதை நீங்கள் சொல்ல வேண்டும்.”

“முதல்ல தண்ணி குடிங்க.”

ஏணிமலையில் பாதி வழியில் இருக்கிறது அந்தச் சுனை. ஏறி வருகிறவர்களுக்கு அவர் கையால் தண்ணீர் ஊற்றுவார். குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. என்னைவிட இருபது வயது இளையவர். செல்பி கேட்டால் நிற்பார். சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்.

ஆறு வருடமாக அவரிடம்தான் வருகிறேன். இதுவரை கிடைத்ததெல்லாம் தண்ணீர்தான்.

குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“இப்ப சொல்லுங்க. என்ன செஞ்சான்?”

“ஆறு வருடத்துக்கு முன் நான், ஒச்சம்மாள், வீரணன் மூன்று பேரும் இந்த மலைக்கு வந்தோம். அவன் கையில் புதுப் போன். எடையே தெரியாது மாமா, வீடியோ எடுத்தா சினிமா மாதிரி இருக்கும் என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரே பீற்றல்.”

“ம்.”

“ஒச்சம்மாள் போட்டோவுக்கு நிற்கிறவள் இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரவில்லை. ஆதார் அட்டையில் இருப்பது வேறு யாரோ. அன்றைக்கு என்ன தோன்றியதோ, உச்சியில் காளைக்கல் பக்கத்தில் தானாகப் போய் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். சிரித்தாள். இவன் போனைப் பிடித்துக்கொண்டு அப்படித் திரும்புக்கா, இப்படித் திரும்புக்கா என்றான். எடுத்தாச்சு என்றான்.”

“எடுக்கல.”

“எடுக்கவில்லை. ஒரு தடவை தொட்டால் ஓடும், இன்னொரு தடவை தொட்டால் நிற்கும். ஏறும்போதே எங்கேயோ தொட்டுவிட்டான். அது ஓடுவது தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறான். உச்சியில் தொட்டதும் நின்றுவிட்டது. அவள் சிரித்தபோது போன் சும்மா இருந்தது.”

சாமி செம்பை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“நாலாவது மாதம் அவள் போய்விட்டாள். கருமாதியன்று வந்து, இதுதான் மாமா இருக்கு என்று ஒரு மெமரி கார்டைக் கொடுத்தான். என் போனில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு. துணி உரசும் சத்தம். அணைத்துவிட்டேன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.”

“அவன் அவ்வளவு மோசமா?”

“ஆண்பிள்ளையா அவன்? அன்றைக்கு ஏறும்போதே கால் வலி, கால் வலி என்று இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். அவனைவிட மூத்தவன் நான். ஒரு இடத்தில் உட்கார்ந்தேனா?”

சாமி என் போனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“நீங்க எடுத்ததைக் காட்டுங்க.”

காட்டினேன். வருடா வருடம் எடுத்தவை. காளைக்கல். காலையில் காளைக்கல். மூடுபனியில் காளைக்கல். மழை நனைத்த காளைக்கல். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“எதுலயும் யாரும் இல்லையே.”

“அவள் நின்ற இடம் சாமி.”

அவர் அதற்குப் பிறகு தள்ளவில்லை. அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.

“அவன் எடுத்தது இருக்கா?”

“இருக்கிறது. அழிக்கவில்லை. அவன் செய்ததற்குச் சாட்சி வேண்டாமா?”

“போடுங்க.”

போட்டேன். கறுப்பு. கரகர என்று துணிச் சத்தம்.

“பார்த்தீர்களா? நாற்பத்தோரு நிமிடமும் இதே கறுப்பு.”

“முழுசாப் பார்த்தீங்களா?”

“இதில் பார்க்க என்ன இருக்கிறது?”

“எங்க வெச்சு எடுத்தான்னு சொன்னீங்க?”

“சட்டைப் பையில்.”

சாமி போனை வாங்கினார். சத்தத்தைக் கூட்டினார். திரை என் நெஞ்சைப் பார்க்கும்படி திருப்பி, என் சட்டைப் பையில் போட்டார்.

“அங்கேயே வெச்சுப் பாருங்க. நடங்க.”

“மேலேயா?”

“காளைக்கல்லைத்தான் நெறைய எடுத்துட்டீங்களே. கீழ இறங்குங்க.”

அடுத்து வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பதில் சொல்லவே இல்லை.

கோபத்தோடு இறங்கினேன்.

பைக்குள் துணி உரசியது. செருப்புச் சத்தம் கேட்டது. என்னுடையதா, வீடியோவில் வருவதா என்று தெரியவில்லை. இருபது முப்பது படி இறங்கியிருப்பேன்.

“டேய் வீரணா.”

நின்றுவிட்டேன்.

“மெதுவாப் போடா. மாமாவுக்கு மூச்சு வாங்குது.”

ஒச்சம்மாள்.

“அவரு ஒண்ணும் சொல்லலியேக்கா.”

“அவரு சொல்லுவாராக்கும்? உசுரு போனாலும் சொல்லமாட்டாரு. நீ கால் வலிக்குதுன்னு உக்காரு.”

“நானா? போன தடவையே என்னைக் கிழவன்னு சொன்னாருக்கா.”

“சொன்னா சொல்லிட்டுப் போறாரு. உக்காருடா, என் ராசா.”

கொஞ்சம் துணிச் சத்தம். பிறகு வீரணன் அலறினான்.

“ஐயோ! காலு! மாமா, என்னால முடியல மாமா!”

தூரத்திலிருந்து மூச்சு இரைக்க ஒரு குரல் வந்தது. என் குரல்.

“இந்த வயசுல உனக்கென்னடா கால் வலி? நோஞ்சான் பயலே! உன்னையெல்லாம் மலைக்குக் கூட்டிட்டு வந்தேன் பாரு!”

ஒச்சம்மாள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவள் முந்தானை வாயில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

“பாருடா, உக்காந்துட்டாரு,” என்றாள் மெதுவாக.

பக்கத்தில் ஒரு கல் இருந்தது. உட்கார்ந்தேன்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு வெந்நீர் வைக்க மறந்தது, ஆட்டுக்குட்டியை யாரிடம் விட்டு வந்தாள், நான் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் சொல்லாமல் தின்கிறவன் என்பது. நெஞ்சுப் பக்கம் சூடாக இருந்தது. போன் ரொம்ப நேரம் ஓடினால் சூடாகும்.

நாற்பத்தோரு நிமிடமும் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் கூப்பிட்டேன்.

“மாமா?” என்றான். ஆறு வருடம் கழித்து.



“கால் வலி எப்படிடா இருக்கு?”

அந்தப் பக்கம் பந்தல்காரர்கள் ஏதோ அடிக்கிற ஓசை கேட்டது.

“அது... அப்பவே சரியாப் போச்சு மாமா.”

“கல்யாணத்துக்கு வர்றேன்.”

“மாமா...”

“இருடா. சொல்லி முடிக்கல. உங்க அக்கா முகம். அது நீ எனக்குத் தரவேண்டிய கடன்.”

“தரணும் மாமா.”

“அதை மட்டும் நான் விடமாட்டேன்.”

“விடாதீங்க மாமா,” என்றான்.