மருதாணிக் குடுமியும் மாசாணன் கையும்

முன்னொரு காலத்தில் வேலங்கோட்டைச் சீமையைக் கொற்றவேள் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். கடைசியாக எவன் காதைக் கடித்தானோ அவன் சொன்னபடி ஆடினான். இந்தக் கதையை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவனுக்குத் தினமும் சவரம் செய்கிறவன் மாசாணன். ராஜாவின் தாடியோ கருவேல முள். விரலை நனைத்து நனைத்துத் தேய்த்து ஊறவைத்தால்தான் கத்தி ஓடும். அந்த நேரத்தில் ராஜா அவனோடு ஊர்க்கதை பேசிச் சிரிப்பான். மந்திரி பொன்னம்பலத்தாருக்கு அது பொறுக்கவில்லை.

“மகாராஜா, சீமையை ஆளும் முகத்தில் ஒரு நாவிதன் கைவைத்துத் தேய்ப்பதா? கேவலம்!” என்று சபையில் கொளுத்திப் போட்டார்.

ராஜா துள்ளிக் குதித்தான். “டேய் மாசாணா! நாளைக்கு உன் விரல் என் முகத்தில் பட்டால் கை துண்டாகும். சவரத்தில் முகம் எரிந்தாலும் அதே தண்டனைதான்!”

இதைவிட அநியாயம் ஒன்று இருக்கிறது, கேளுங்கள். சபை கலைந்ததும் மந்திரி மாசாணனைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். “கை இருக்கிறபோதே எனக்கும் சிரைத்து, குடுமியையும் கத்தரித்துவிட்டுப் போ” என்றார். எந்தக் கை? அதே கைதான்! தூ!

மாசாணன் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தான். கீழே விழுந்த முடியை அள்ளி மடியில் முடிந்துகொண்டான்.

மறுநாள் சபை நடுவே ஒரு மூங்கில் குச்சியை எடுத்தான். அதன் நுனியில் ஒரு முடிக் குஞ்சம் இறுக்கிக் கட்டியிருந்தது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அதை முக்கிச் சுழற்றினான். பொங்கிய நுரையைக் குஞ்சத்தாலேயே ராஜாவின் கன்னத்தில் தேய்த்தான். “மூக்கை நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், மகாராஜா” என்றான். கத்தி வழுக்கிக்கொண்டு ஓடியது.

“அட, எரிச்சலே இல்லையே!” என்றான் ராஜா.

மந்திரி பாய்ந்து வந்தார். “ஐயோ மகாராஜா! அது எந்தத் தெருநாயின் வாலோ! அந்த முடிக்குச் சொந்தமான பிராணியைக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டே துரத்த வேண்டும்!”

“அப்படியே செய்யட்டும், ஐயா” என்று மாசாணன் குஞ்சத்தைச் செம்புத் தண்ணீரில் அலசினான். நுரை போனதும் மருதாணிச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சீமையிலேயே குடுமிக்கு மருதாணி போடுகிறவர் ஒரே ஒருவர்தான். சபை மொத்தமும் மந்திரியின் தலையைப் பார்த்தது.

“நேற்றுச் சாயங்காலம் இவர் வீட்டில் கத்தரித்தது, மகாராஜா. இவர் முகத்தை இந்தக் கையால்தான் தேய்த்தேன். அங்கே இல்லாத கேவலம் இங்கே எங்கிருந்து வந்தது?”

ராஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “கொண்டுவாங்கடா கழுதையை!”

மந்திரி கழுதைமேல் ஊரைவிட்டுப் போன பிறகு, ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றி மாசாணன் கையில் பூட்டினான். “ஆணையை எடுத்துவிட்டேன் அப்பா. நாளையிலிருந்து பழையபடி உன் கையாலேயே தேய்த்துவிடு.”

மாசாணனுக்குக் கண் சிவந்தது. “நீங்கள் வெட்டுவேன் என்று சொன்ன கை இது, மகாராஜா. இனி இது உங்கள் முகத்தைத் தடவாது. குஞ்சம்தான் தடவும்.”

மறுநாள் காலையில் ராஜா குஞ்சத்துக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.